கழற்றும் நாள் இல்லாத மாலை

கார்த்திகை பிறந்தால் சேலம் கடைவீதியில் கறுப்பு வேட்டியும் துளசிமணி மாலையும் தொங்க ஆரம்பித்துவிடும். எங்கள் சித்தப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி. பதினோரு வருடம் விடாமல் சபரிமலைக்கு மாலை போட்டவர். மற்ற நாட்களில் பட்டறை விட்டதும் நேராக டாஸ்மாக் போகிறவர், மாலை கழுத்தில் விழுந்த நாளிலிருந்து 41 நாளும் ஒரு சொட்டு தொட மாட்டார். மலைக்குப் போய், ஊர் திரும்பி, கோயிலில் மாலையைக் கழற்றிக் கொண்டுவந்து சாமி படத்தில் மாட்டுவார். குளிப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். எங்கே என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டோம்.

"41 நாள் முடியுதில்ல? அப்போ மீதி நாளுக்கு என்ன கேடு?" இது பாட்டியின் கேள்வி. கொழுப்பு என்பதுதான் பாட்டியே சொல்லிக்கொண்ட பதில். சித்தியும் அப்படித்தான் நினைத்தாள். நானும்தான்.

வேறு ஒரு பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது வெகுநாள் கழித்து, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டு வகுப்பறையில். குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும், ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். குடிநோயாளிகளுடன் வீட்டாரும் வெளியாரும் வந்து உட்காரலாம் என்று அனுமதிக்கிற 'ஓபன் மீட்டிங்'. குடிப்பவர்கள் மட்டும் உட்காருவது 'க்ளோஸ்டு மீட்டிங்'. அதற்கு நான் போனதில்லை, போகவும் முடியாது.

அங்கே பேசிய ஒருவர் லாரி பட்டறைக்காரர். மாலை போட்ட கதையைத்தான் அவரும் சொன்னார். "மாலை போட்டா எல்லாரும் சாமின்னு கூப்பிடுவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூஜை, பஜனை. குருசாமி ஒருத்தர் இருப்பார், ஏதாச்சும் தோணுச்சுன்னா அவர்கிட்டப் போயிருவேன். மாலையைக் கழட்டுன அன்னிக்கு ஆறு மணி ஆச்சு. சாமின்னு கூப்பிட ஆள் இல்ல. போறதுக்கு இடமும் இல்ல."

எனக்குப் பளிச்சென்று பட்டது அந்தக் கடைசி வரி. 41 நாள் அவரைத் தாங்கியது பக்தி மட்டும் இல்லை. ஒரு வேளை, ஒரு இடம், ஒரு கூட்டாளிக் கூட்டம், ஒரு புதுப்பெயர், கண்டிக்க உரிமையுள்ள ஒரு மூத்தவர். குடிக்கும் இதே ஐந்தும் உண்டு. கடைக்கு நேரம் உண்டு, பாருக்கு இடம் உண்டு, 'மாப்ள' என்று கூப்பிடும் செட்டு உண்டு, கடன் சொல்லிக் கணக்கில் ஊற்றித் தரும் மூத்த அண்ணன்கூட உண்டு. மாலை அந்த ஐந்தையும் 41 நாளுக்கு இடம் மாற்றி வைத்தது. கழற்றியதும் பழைய இடம் அப்படியே காத்திருந்தது. ஏ.ஏ. கூட்டம் என்பது என்ன என்று யாராவது சேலத்துக்காரர் என்னிடம் கேட்டால் இப்போது இப்படித்தான் சொல்கிறேன்: கழற்றும் தேதி வைக்காத மாலை.

இது அமெரிக்காவில் தொடங்கிய விதத்திலும் அதே 'ஆறு மணி' இருக்கிறது. 1935-ல் நியூயார்க் பங்குச்சந்தைத் தரகர் பில் வில்சன், ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகருக்கு வியாபாரமாகப் போனார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன காரியம் கெட்டது. தங்கியிருந்த ஓட்டல் வரவேற்பறையின் ஒரு கோடியில் பார். சிரிப்புச் சத்தம் கேட்கிறது. மறுகோடியில் டெலிபோனும் ஊர்ச் சர்ச்சுகளின் பட்டியலும். அவர் டெலிபோன் பக்கம் போனார். இந்த ஊரில் என்னைப் போலக் குடியில் மாட்டிக்கொண்ட ஒருவர் வேண்டும், பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித். அந்த ஜூன் 10-ஐத்தான், மருத்துவர் பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லி, ஏ.ஏ.-வின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பில் உதவி செய்யப் போகவில்லை. தான் தப்பிக்கப் போனார். 1957-ல் ஏ.ஏ. இந்தியாவுக்கு வந்த பிறகும் அந்தச் சூத்திரம் மாறவில்லை. கூட்டத்தில் பேசுகிறவர் உங்களைத் திருத்தப் பேசுவதில்லை, அன்றைய இரவைக் கடக்கப் பேசுகிறார்.

கூட்டம் நடக்கும் விதத்தில் பிரமாதம் ஒன்றும் கிடையாது. நான் போன இடத்தில் நாலாம் வகுப்புப் பெஞ்சுகள். முழங்கால் மேசையில் இடிக்கும். கரும்பலகையில் அன்றைய பின்னக் கணக்கு அழியாமல் இருந்தது. ஒருவர் தலைமை தாங்குவார். அது முறை வைத்து மாறும். ஒரு பிரார்த்தனை, குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த வழிமுறையான பன்னிரண்டு படிகளிலிருந்து ஒரு பகுதி வாசிப்பு, அப்புறம் ஒவ்வொருவராக. "என் பேரு இன்னார், நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்க வேண்டும். எல்லாரும் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. நம் ஊரில் ஐந்து நிமிஷம் யாரும் குறுக்கிடாமல், புத்தி சொல்லாமல், ஒரு ஆளைப் பேசவிடுகிற இடம் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பேச இஷ்டமில்லாவிட்டால் "இன்னிக்குக் கேட்டுக்கிறேன்" என்றால் போதும். கடைசியில் ஒரு பை சுற்றி வரும். இருப்பவர் போடலாம், இல்லாதவர் அடுத்தவரிடம் தள்ளலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. சேர்க்கைக் கட்டணம், படிவம், ஆதார் நகல் எதுவும் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி.

அன்று புதிதாக வந்திருந்தவருக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்தார்கள். டீ வந்தது. அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். ஆனாலும் டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர் எதுவும் சொல்லாமல் தன் டம்ளரை அவர் டம்ளரோடு மாற்றிக்கொண்டார். மாற்றிக் கொடுத்ததில் பாதி டீதான் இருந்தது. நடுங்கும் கைக்குப் பாதி டம்ளர்தான் சரி என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த நடுக்கத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கூட்டம் எவ்வளவு நல்லதானாலும் அது மருத்துவம் கிடையாது. வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது தெரியும், இல்லாத குரல் கேட்கும், ஜுரம் அடிக்கும். 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலை கவனிக்காவிட்டால் உயிரை எடுக்கும். சித்தப்பாவுக்குக் கொலுசில் கண்ணி கோக்கிற வேலை. கடைசி வருஷங்களில் காலையில் கை நடுங்கினால் கண்ணி பிடிபடாது. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. அதனால் முதல் நாள் இரவே கால் குவார்ட்டரை மிச்சம் வைத்து, பல் தேய்க்கும் முன் குடித்துக் கையை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போவார். பதினோராவது வருஷம் மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு புலி நிற்கிறது என்றார். அருள் வந்துவிட்டது என்று பாட்டி கற்பூரம் ஏற்றினாள். எதிர்வீட்டு நர்ஸ் அக்கா வந்து தொட்டுப் பார்த்து, "சாமியும் இல்ல, காத்துக் கருப்பும் இல்ல, ஆட்டோவைக் கூப்பிடுங்க" என்றது. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே வைட்டமின் பி1 ஏற்றி, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஆகவே தினமும் குடிக்கிறவர், காலையிலேயே குடிக்க வேண்டியிருக்கிறவர், முன்பு வலிப்பு வந்தவர் ஆகியோர் நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சேலத்தில் அதற்குத் தனியாரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலப் பிரிவா என்று தயங்குகிறவர்கள் ஏராளம். கல்லீரல் வீங்கியபின் வேறு பிரிவுக்குப் போவதைவிட இது மலிவு. தனியார் மறுவாழ்வு மையம் என்றால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். ராத்திரியில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்லும் இடத்தின் வாசலை மிதிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏ.ஏ. தெருமுனையில் பேனர் வைக்காது. விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லை என்பதும் அவர்களின் மரபுதான். இந்திய ஏ.ஏ.-வின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் குழுக்களின் பட்டியலும் தொடர்பு எண்களும் இருக்கின்றன. மத்திய அரசின் போதை மீட்பு இலவச எண் 14446. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. மனநல ஆலோசனைக்கு 14416. இந்த எண்களில் பேசுகிறவர்களிடம் பக்கத்துச் சிகிச்சை மையத்தைக் கேட்டு, அங்கே உள்ள ஆலோசகரிடம் கூட்டத்தைப் பற்றி விசாரிப்பதும் ஒரு வழி. மனநல மருத்துவர்களுக்கு அநேகமாக உள்ளூர் ஏ.ஏ.காரர் ஒருவரையாவது தெரிந்திருக்கும். எந்த வழியில் போனாலும், கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். இரவல் அறையில் நடக்கும் கூட்டங்கள் இவை. பள்ளியில் ஆண்டு விழா என்றால் அந்த வாரம் வேறு இடத்துக்கு மாறிவிடும். முதல்முறை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்தவன் பூட்டிய கதவைப் பார்த்தால், அடுத்து அவன் கால் எந்தத் திசையில் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போனில் பேசும்போது "நான் புதுசு" என்று சொன்னால் யாராவது ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அழைத்துப் போவதும் நடக்கிறது. சித்தப்பா அப்படிச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கூட்டம் நடக்கும் இடத்துக்கு எதிர்ப்புற டீக்கடையில் நின்று, தட்டுவடை செட்டு வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினார். தெரிந்தவன் யாராவது பார்த்துவிட்டால்? இந்தப் பயம் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை போல ஒருவர் வீட்டு ரசம் இன்னொருவர் வீட்டில் மணக்கிற தெருக்களில் பெரிய பயம். பயத்துக்கு மருந்து ஒன்றுதான்: பக்கத்து ஏரியாவுக்குப் போவது. அம்மாப்பேட்டைக்காரர் சூரமங்கலத்துக்கும், சூரமங்கலத்துக்காரர் அஸ்தம்பட்டிக்கும் போகலாம். யாரை அங்கே பார்த்தோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது கூட்டத்தின் முதல் ஒழுங்கு. பெயரிலேயே அது இருக்கிறது. சித்தப்பா பெயரை நான் இங்கே எழுதாததும் அதனால்தான். மூன்றாம் வாரம் அவர் உள்ளே போனபோது, அவருக்கு முதல் வணக்கம் சொன்னவர் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர். அதுவரை அவர் குடிப்பார் என்பதே எங்களுக்குத் தெரியாது. இப்போதும் 'தெரியாது'.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அதோடு முடிவு கட்ட வேண்டாம். ஒரு குழுவில் பிரார்த்தனை வாடை அதிகம் இருக்கும், இன்னொன்றில் கிண்டலும் சிரிப்புமாக இருக்கும். முதல் 90 நாளில் 90 கூட்டம் என்று பழையவர்கள் சொல்வதுண்டு. உள்ளூரில் அவ்வளவு கிடைக்காதபோது ஜூம் வழியாக நடக்கும் தமிழ்க் கூட்டங்கள் கைகொடுக்கும். 2020 ஊரடங்கு தந்த ஒரே நல்ல பழக்கம் என்று சித்தப்பா அதைச் சொல்வார். 'ஸ்பான்சர்' என்று ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். பணம் கொடுக்கிற ஸ்பான்சர் என்று நினைத்துச் சித்தி சந்தோஷப்பட்டாள். கிட்டத்தட்டக் குருசாமிதான், நடுராத்திரி போன் செய்தாலும் எடுக்கிறவர்.

இதெல்லாம் உண்மையிலேயே பலிக்கிறதா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.-வுக்கு முறைப்படி அழைத்துச் செல்லும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு கழித்து முழுக்கக் குடியை விட்டிருந்தவர்கள் 42 சதவீதம். நடத்தைச் சிகிச்சை போன்ற மற்ற முறைகளில் 35 சதவீதம். சற்றே கூடுதல், அதுவும் குறைந்த செலவில். இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஓராண்டில் ஒருமுறையாவது குடித்திருக்கிறார்கள் என்றும் தெரியும். கூட்டத்தில் அதற்கு 'ஸ்லிப்' என்று பெயர். சித்தப்பா இரண்டு முறை வழுக்கினார். ஒன்று, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில். இன்னொன்று, மகள் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் வற்புறுத்தியபோது. திரும்பி வந்தபோது கேள்வி கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். வீட்டில் நாங்கள் அப்படிச் செய்யவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தோம்.

வீட்டார் தனி அத்தியாயம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்ற போஸ்டரைப் பார்க்காத சேலத்துக்காரர் இருக்க முடியாது. அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. மருத்துவர் எழுதித் தரும் டைசல்பிரம் மாத்திரையையே குழம்பில் கலக்கிறவர்களும் உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. சித்தியும் ஒரு பொடி வாங்கி வைத்திருந்தாள். கலக்குவதற்குள் ஆஸ்பத்திரிச் சம்பவம் நடந்துவிட்டது. குடிப்பவரின் மனைவி, கணவர், பெற்றோருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் கூட்டம் 1951 முதல் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் தொடங்கியவர்களில் ஒருவர். குடிக்கிறவர் குடியை நிறுத்தினாரா என்ற கேள்வியை வாசலில் விட்டுவிட்டு, நீ தூங்கினாயா, நீ சாப்பிட்டாயா என்று கேட்கிற இடம்.

பெண்கள் குடிப்பதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. 2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பில் ஆண்களில் 27.3 சதவீதமும் பெண்களில் 1.6 சதவீதமும் மது அருந்துவதாகச் சொன்னார்கள். நாலாம் வகுப்புப் பெஞ்சில் முப்பது ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் வந்து உட்காருவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதற்கு இப்போதைக்கு ஜூம் கூட்டங்களைத்தான் பதிலாகச் சொல்ல முடிகிறது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது: மது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்குப் போனவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார்.

கடவுள் விஷயம் பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். 'நாம் புரிந்துகொண்டபடி' என்ற அடைமொழியோடு. கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் கூட்டத்தில் சொன்னது: "எனக்கு மேலான சக்தின்னா இந்த ரூம்தான். நான் தனியா நின்னப்போ தோத்தேன், இதுல உக்காந்தப்போ தோக்கல. அது போதும்." அவர் சொன்னதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சேலத்தில் இப்படி ஒருவர் இருப்பதில் ஆச்சரியமும் இல்லை. கள்ளுக்கடை மறியல் காலத்தில் பெரியார் தாதம்பட்டித் தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தது இங்கேதான். சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். இரு துருவங்களும் ஒரே ஊரில் ஒரே காரியத்தில் கை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின் மதுவிலக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது; 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. கடையைத் திறப்பதும் பூட்டுவதும் சட்டத்தின் கையில். திறந்திருக்கிற கடையைத் தாண்டி ஒருவன் வீட்டுக்கு நடக்கிற அந்த அரை கிலோமீட்டரைச் சட்டத்தால் நடக்க முடியாது.

மலையில் பிரச்சினை வேறு. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு சுமார் 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. எஸ்டேட் வேலை முடித்து, குளித்து, பஸ் பிடித்து இறங்கிக் கூட்டத்தில் உட்கார்ந்தால் திரும்பிப் போக பஸ் இருக்காது. வாரக்கூலி கையில் இருக்கும் நாளில்தான் ஆபத்தும் அதிகம். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் கூலி சேர்ந்து வரும். குளிருக்குக் குடிக்கிறோம் என்ற சமாதானமும் சேர்ந்து வரும். (குடித்தால் தோலுக்கு ரத்தம் கூடுதலாக ஓடிச் சூடாக இருப்பது போலத் தோன்றும்; உள்சூடு உண்மையில் குறையும்.) பல வளைவுகளில் போன் சிக்னலும் கிடையாது, ஜூமுக்கு எங்கே போவது?

ஏ.ஏ.-வின் மரபுகளில் இதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. குடியை விடுவதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே அதைக் குழு என்று சொல்லிக்கொள்ளலாம். வேறு எந்த அமைப்போடும் ஒட்டு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏக்ரனில் தொடங்கியதே இரண்டு பேர்தானே.

சித்தப்பாவோடு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் மலைக்காரர், எஸ்டேட் தொழிலாளி. அவர் இறங்கி வர முடியாததால் மாதத்தில் ஒரு ஞாயிறு சித்தப்பா மேலே போகிறார். போன கார்த்திகையில் நானும் கூடப் போனேன். ஏரியை ஒட்டி ஒரு டீக்கடை, ஞாயிறு மதியத்துக்கு மேல் கூட்டம் குறையும். பின்பக்கத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அடிவாரத்து டெம்போ டிரைவர் ஒருவர் மூன்றாவது ஆள். என்னைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். பேர் சொல்லி, குடிநோயாளி என்று சொல்லி, மூன்று பேர் மூன்று பேருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். கறுப்பு வேட்டி கட்டிய ஒரு செட்டு டீ குடிக்க வந்தது, அதில் ஒருவர் சித்தப்பாவை அடையாளம் கண்டு, "என்ன சாமி, இந்த வருஷம் மாலை போடலையா?" என்று கேட்டார். "இல்லீங்க சாமி, இந்த வருஷம் வேற வேலை" என்றார் சித்தப்பா. சேலம் பஸ் ஹாரன் கேட்டதும் எஸ்டேட்காரர் பேச்சைப் பாதியில் நிறுத்தி, "மீதி அடுத்த மாசம் சொல்றேண்ணே, நீங்க ஏறுங்க" என்று பையை எடுத்துக் கொடுத்தார்.